அந்தப் பத்துப் பேர்

"இன்னிக்கும் யாரும் சாகலையா?"

ஓடுகிற பஸ்ஸில், ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்துகொண்டு டாக்டரம்மா போனில் கேட்ட கேள்வி இது. பக்கத்து சீட்டுப் பெண்மணி பையை மடிக்கு இழுத்துக்கொண்டு அரை அடி தள்ளி உட்கார்ந்தார்.

"இல்லம்மா. பத்துப் பேரும் ஜோரா இருக்காங்க. காலையில வயிறு முட்டச் சாப்பிட்டாங்க" என்றது மறுமுனை.

"ஒருத்தர்கூடவா சோர்ந்து படுக்கல?"

"ம்ஹும். நொண்டிகூட ஓடியாடிக்கிட்டு இருக்கு."

போனை வைத்துவிட்டு நகத்தைக் கடித்தாள். பயப்பட வேண்டாம், அவள் கொலைகாரி இல்லை. வாத்து நோய்களை ஆராய்கிற கால்நடை டாக்டர். போனில் பேசியவர் கொட்டகையைக் கவனித்துக்கொள்ளும் அண்ணன். அவர் வாத்துகளையும் ஆட்கள் மாதிரிப் 'பேர்' போட்டுத்தான் எண்ணுவார், கூட இருந்து இருந்து அது அவளுக்கும் தொற்றிவிட்டது.

விஷயம் இதுதான். வாத்துக் கொள்ளைநோய்க்கு ஆறு வருஷம் உயிரைக் கொடுத்து ஒரு தடுப்பூசி செய்திருக்கிறாள். முப்பது வாத்தில் இருபதுக்கு அந்த மருந்து, பத்துக்கு வெறும் உப்புத்தண்ணீர். ஊசி போட்டதெல்லாம் கொட்டகை அண்ணன்தான், அவர் கை பட்டால் வாத்து சிணுங்கக்கூடச் சிணுங்காது. மூன்று வாரம் கழித்து முப்பதுக்கும் நோய்க்கிருமியை ஏற்றினார்கள்.

இருபது பிழைக்க வேண்டும், பத்து சாக வேண்டும். அப்போதுதான் மருந்து பலிக்கிறது என்று ஊர் நம்பும். எட்டு நாளாயிற்று, முப்பதும் குத்துக்கல்லாட்டம் நிற்கின்றன.

ஆய்வுக்கூடத்துப் படியேறும்போதே டைரக்டர் மடக்கினார்.

"பத்தும் சாகலேன்னா, நீங்க ஏத்தின கிருமி சொத்தைன்னு அர்த்தம்."

"இல்ல சார். அதே கிருமியை வாத்து முட்டையில ஏத்திப் பார்த்துட்டேன். அஞ்சே நாள்ல உள்ள இருந்த கரு எல்லாம் செத்துப்போச்சு."

"அப்ப அந்தப் பத்துக்கும் பிறவியிலேயே எதிர்ப்பு இருந்திருக்கும். எதுவா இருந்தா என்ன, சோதனை செல்லாது. சாயங்காலத்துக்குள்ள அப்படியே எழுதிக் கொடுத்துடுங்க."

"இன்னொரு தடவை செஞ்சு பார்த்தா..."

"இந்தத் தடவைக்கே நான் எத்தனை பேர் காலைப் பிடிச்சேன்னு எனக்குத்தான் தெரியும். ஆறு வருஷம் போதும்மா."

அவளுக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. வராந்தாவில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தாள். அதற்குள் தம்பி போன். ஏரிக்கரையில் ரெண்டாயிரம் வாத்து வைத்திருக்கிறான். போன வருஷம் இதே நோயில் பாதியை வாரிக்கொடுத்து, மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தவன்.

"அக்கா, எதிர்க்கரையில ரெண்டு பட்டி வாத்தும் செத்துக் காலி. நாளைக்கு நம்ம பக்கம் வந்துடும். உன் ஊசி எப்பக்கா வரும்?"

"கொஞ்சம் இருடா, கூப்பிடுறேன்."

கொட்டகைக்குப் போனாள். மேலுடுப்பு மாற்றி, பூட்ஸ் மாட்டி, கம்பிக்கதவைத் திறந்தால், அண்ணன் குந்தி உட்கார்ந்து தரையில் சிந்தின நெல்லை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டில் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு நெல்மணி வீணானாலும் அந்த மனுஷனுக்குத் தூக்கம் வராது. நொண்டி வாத்து அவர் பூட்ஸைக் கொத்திக்கொண்டிருந்தது.

அவள் பத்தையும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள். கண்ணில் நீர் இல்லை, மூக்கில் சளி இல்லை, இறக்கை தொங்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஆரோக்கியமான வாத்தைப் பார்த்து அழுகை வந்தது.

"என்னம்மா, இப்படி இடிஞ்சு போயிட்டீங்க?"

"எல்லாம் முடிஞ்சுதுண்ணே. செல்லாதுன்னு எழுதச் சொல்லிட்டாங்க. இனிமே இந்த மருந்தை யாரும் தொடமாட்டாங்க."

"நல்லா இருக்கிறதுக்குப் போய் யாராச்சும் அழுவாங்களா?"

"உங்களுக்குப் புரியாதுண்ணே" என்று சொல்லிவிட்டுத் தம்பியைக் கூப்பிட்டாள். குரலைக் கஷ்டப்பட்டு நிமிர்த்திக்கொண்டாள்.

"டேய், ஊசி வராது. இனிமே எனக்காகக் காத்திருக்காதே. நோய் வர்றதுக்குள்ள ஆள் பிடிச்சு, வந்த விலைக்குத் தள்ளிடு."

"எல்லாத்தையுமாக்கா?"

"எல்லாத்தையும்."

நெல் பொறுக்கின கை நின்றது. அண்ணன் எழுந்து வந்தார்.

"விக்க வேணாம்னு சொல்லுங்கம்மா."

"நீங்க சும்மா இருங்கண்ணே. பலிக்குதா இல்லையான்னே தெரியாத மருந்தை நம்பி, கூடப் பிறந்தவனை நடுத்தெருவுல நிறுத்தச் சொல்றீங்களா?"

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. காலடியில் நின்ற நொண்டியை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டார்.

"அக்கா, லைன்ல இருக்கியா?" என்றான் தம்பி.

"ஊசி போட்ட அன்னிக்கு, பாட்டில்ல மிஞ்சின மருந்தை எரிச்சுடச் சொன்னீங்க, மனசு வரல" என்றார் அண்ணன். "அந்தப் பத்துப் பேருக்கும் போட்டுட்டேன்மா."