நாயகி நடந்து வருகிறாள்

"இந்தச் செருப்பு யாரோடதுன்னு மட்டும் சொல்லுங்க. வேற ஒண்ணும் கேட்கல."

கணவனின் பையிலிருந்து எடுத்த பெண்கள் செருப்பை டீப்பாய்மேல் வைத்துவிட்டு, அவள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். தோல் தேய்ந்த, பழைய மோஸ்தர் செருப்பு. டிவியில் தொடர் ஓடிக்கொண்டிருந்தது. அவன் அவசரமாகச் சத்தத்தைக் குறைத்தான்.

எல்லாம் இந்தத் தொடரால் வந்த வினை. நூறு வருடத்துக்கு முந்தைய நாவலை எடுத்திருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் பாடமாகப் படித்து, பரீட்சை முடிந்ததும் மறந்துபோன நாவல். இருட்டில் முகம் தெரியாமலே, நடந்து வரும் ஓசையை வைத்து நாயகன் நாயகியை அடையாளம் கண்டுகொள்வான் என்று அதில் ஓர் இடம் வரும். அந்த ஓசை எப்படி இருந்தது என்று ஆசிரியர் ஒரு வரிகூட எழுதவில்லை. இப்போது தொடரில் அதைக் கேட்டதும் ஊரே கிறங்கிப் போய்விட்டது. பேராசிரியர்கள் கட்டுரை எழுதினார்கள். பெண்கள் அதே மாதிரி நடந்து வீடியோ போட்டார்கள். பேருந்தில் ஏறினால் பாதிப் பேருடைய போன் அந்தக் காலடியாகத்தான் ஒலித்தது.

அவள் வேலை பார்க்கும் நூலகத்திலும் நிம்மதி இல்லை. சீந்துவாரில்லாமல் கிடந்த நாவலுக்கு இப்போது அடிதடி. புதுப் பதிப்பின் அட்டையில் அந்த நடிகையின் முகம். ஒவ்வொரு பிரதியையும் அவள் குப்புறக் கவிழ்த்துத்தான் அடுக்கினாள். எப்படியோ நாலு பேர் புத்தகம் படிக்கிறார்களே என்று தலைமை நூலகர் சந்தோஷப்பட்டபோது, பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்துவைத்தாள்.

ஊர் மயங்கட்டும். புருஷனுமா மயங்க வேண்டும்? அவனுக்கு ஒலிக்கூடத்தில் வேலை. அந்தத் தொடருக்கும் அங்கேதான் சத்தம் சேர்த்தார்கள். நாயகி நடந்து வரும் காட்சி வந்தால் போதும், கண்ணை மூடிக்கொள்வான். திரும்பத் திரும்ப ஓட்டிக் கேட்பான். அதோடு விட்டால் பரவாயில்லை. இந்த நடை எப்படி இருக்கிறது என்று கட்டின பெண்டாட்டியிடமே கேட்டுவிட்டு, அவள் முகத்தையே ஆசையாகப் பார்ப்பான். சகிக்கவில்லை என்று அவள் சொன்னதும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொள்வான். அவளுக்கு வயிறு பற்றி எரியும்.

இன்றைக்குப் பையில் செருப்பே கிடைத்துவிட்டது.

உள் அறையில் மாமனார் கண் ஆபரேஷன் முடிந்து கட்டோடு படுத்திருந்தார். டிவி என்றாலே ஆகாத மனிதர். சாயங்காலமானால் வெளியே கிளம்பிவிடுகிறவர், இப்போது வேறு வழியில்லாமல் வீட்டில் கிடந்தார். அவர் காதில் விழக்கூடாதென்று அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"மாமாவுக்குக் கட்டுப் பிரிக்கிற வரைக்கும் இருப்பேன். அப்புறம் அக்கா வீட்டுக்குப் போயிடறேன். நீங்க அந்த நடிகையையே கட்டிக்கிட்டு அழுங்க."

அவன் செருப்பைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

"அது என்னோடது."

"என்ன?"

"நிஜமாத்தான். ஷூட்டிங்ல அந்தப் பொண்ணு ரப்பர் செருப்பு போட்டிருந்தா. நடந்தா ஒரு சத்தமும் வரல. படத்தைப் பார்த்துக்கிட்டே இதைப் போட்டு நடந்தது நான்."

சந்தேகம் வேண்டாம் என்று செருப்பில் காலை நுழைத்தே காட்டினான். குதிகால் முழுதும் வெளியே தொங்கியது. குதிரை ஓடுவதும் கதவு சாத்துவதும் மழை பெய்வதும் அவன் கைவேலை என்று அவளுக்குத் தெரியும். நாயகியின் காலடியும் அப்படித்தான் என்று தோன்றவே இல்லை. கொஞ்சம் சிரிப்புகூட வந்தது. ஆனால் பொறாமை அவ்வளவு லேசில் விடுகிற சாமானா?

"நீங்க நடந்தா வீடே அதிரும். இது பொம்பள நடை. யாரையோ தினம் தினம் உன்னிப்பாக் கேட்காம இது வராது. யாரு அவ?"

அவன் காது சிவந்தது. சொன்னால் நம்பமாட்டாள் என்று முனகிவிட்டு, தொடரைப் பின்னால் ஓட்டினான். சத்தத்தை நன்றாகக் கூட்டினான்.

திரையில் நீளமான இருட்டுத் தாழ்வாரம். நாயகி வந்துகொண்டிருந்தாள். மெத்தென்று இரண்டு அடி. லேசான ஓர் இழுப்பு. மறுபடி இரண்டு அடி.

அவள் முதல்முறையாக ஒழுங்காகக் காது கொடுத்துக் கேட்டாள். அழகாகத்தான் இருந்தது. அதுதான் இன்னும் வலித்தது. இவளை இவன் எத்தனை பிரியமாகக் கேட்டிருக்க வேண்டும். எவளாக இருந்தாலும் கொடுத்துவைத்தவள் என்று நினைத்தபோது கண் கலங்கிவிட்டது.

உள் அறையிலிருந்து மாமனார் குரல் கொடுத்தார்.

"வந்துட்டியாம்மா? வர்ற கையோட அந்தச் சொட்டு மருந்தையும் எடுத்துக்கிட்டு வந்துடு."

மருமகள் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை.