ஒதுங்கும் சுவர்

"உங்கம்மாவுக்கு வயசாகிப் பதிவேட்டுல பேரு வெட்டியாச்சு. வீட்டுல ஒருத்தராவது தோட்டத்துல பேர் பதியாட்டி லயத்து ரூம்ல இடமில்ல. காலி பண்ணு," என்றார் தேயிலைத் தோட்டத்துக் கிளாக்கர், வாசலை அடைத்து நின்றபடி.

லோஜினி மடிக்கணினியிலிருந்து தலை நிமிர்ந்தாள்.

"அதுல அப்படி என்ன வேலை?" என்று கணினியைக் காட்டிக் கேட்டார்.

"ஈர்ப்பலையைப் பிடிக்க வெளிநாட்டுல விண்கலம் விடுவாங்க. உள்ளுக்கு ஒரு தங்கக்கட்டி மிதக்கும். வெயில் கலத்தைத் தள்ளினாலும் அதோட சுவர் கட்டியில படக்கூடாது. கலம்தான் ஒதுங்கிக்கணும். அதுக்குக் கணக்கு எழுதுறேன்."

"இங்க சுவர் ஒதுங்காது. நீதான் போகணும்."

"போகமாட்டேன்."

"அப்ப, வெளிநாட்டு வேலை பாக்குற புள்ள கொழுந்து எடுக்கப் போறியா?"

லோஜினி கதவுக்குப் பின்னாலிருந்த கூடையை எடுத்தாள். அடியில் ஈரக் கொழுந்து ஒட்டியிருந்தது.

"காலையில கங்காணி ஆள் கணக்கெடுத்த பெரட்டுலயே பேர் பதிஞ்சாச்சுங்க. பகல் சோத்துக்கு வந்தேன். வழி விடுங்க, மலைக்குப் போகணும்."

கூடை தன்மேல் படாமல் கிளாக்கர் ஒதுங்கினார்.