பந்து போகக்கூடாது

“இன்னைக்கும் பந்து உள்ள போச்சுன்னா என் முகத்துல முழிக்காதீங்க,” என்றாள் இன்பராணி.

கணவன் ஸ்டானிஸ்லாஸ் தலையைச் சொறிந்தான். போன தடவை சுலபமாகப் போய்விட்டதே.

“இந்த வாட்டி போகாதுலா. நீ பேசாம இரு.”

ஆட்ரி பந்தைக் கையில் உருட்டிக்கொண்டே வந்தாள். “ரெடியா?”

“ரெடி மேடம்.”

இடது மூலையில் தள்ளினாள். போகவில்லை. வலது மூலையிலும் போகவில்லை. நடுவில் பலம்கொண்ட மட்டும் அழுத்திப் பார்த்தாள். ம்ஹூம்.

“பந்தே போகலைன்னா பிள்ளைங்க தலை எங்க போகப்போகுது? சோதனையில பாஸ்,” என்று சிரித்தாள் மாநகர் மன்ற அதிகாரி ஆட்ரி, மாடிப்படிக் கம்பிகளுக்கு நடுவிலிருந்து பந்தை எடுத்தபடி.

ஸ்டானிஸ்லாஸ் தான் வெல்டிங் செய்த கம்பியைத் தட்டிக்கொடுத்தான். அதற்குள் இன்பராணி போனில் யாரையோ பிடித்துவிட்டாள்.

“திங்கக்கிழமையே பிள்ளையைக் கூட்டிட்டு வாங்க. கெலாங் பாத்தாவுல நம்ம பாலர்பள்ளி தொறக்குது.”