துணியக்கா இறங்கிய அண்டா

கோழிக்கறி வெட்டும் கூடத்தில் கத்தி, தட்டு, மேசை எல்லோரையும் துடைத்துவிடுவது துணியக்காதான். அதிலும் வெட்டுப்பலகை அவளுக்கு ரொம்பச் செல்லம்.

கிருமி இருக்கிறதா என்று வாராவாரம் பார்க்க வரும் பஞ்சுக்குச்சி, பலகையைத் தடவிப் பார்த்து உதட்டைப் பிதுக்கியது. “இன்னும் கிருமி இருக்கு. அடுத்த வாரமும் இருந்தா உன்னைக் குப்பையிலே போட்டுடுவாங்க.”

பலகை அழுதேவிட்டது. “தினமும் அக்காகிட்டே துடைச்சுக்கிட்டுத்தானே இருக்கேன்!”

துணியக்காவுக்குச் சுருக்கென்றது. அவளை இதுவரை யாரும் தடவிப் பார்த்ததில்லை. “தம்பி, என்னையும் கொஞ்சம் பாரேன்” என்று விரித்துக் காட்டினாள்.

குச்சி தடவியது. “பலகையைவிட உன்மேலேதான் அதிகம்க்கா” என்றது மெதுவாக.

துணியக்கா விறுவிறுவென்று போய், வெந்நீர் கொதிக்கும் அண்டாவுக்குள் இறங்கினாள்.

“ஐயோ, சுடுமே அக்கா!” என்று பலகை பதறியது.

“சுட்டா சுடட்டும்டி. நாளைக்கு உன்னை நான் தொட வேண்டாமா?”