சொந்த உபயோகம்

“நல்லா எழுதிக்கோ பாப்பா. போன ஞாயித்துக்கிழம, ஏனாத்தூர். மேனேஜர் மனை பாக்கப் போனாரு. கம்பெனி வேலை கெடையாது.”

கணக்கு எழுதும் சத்யப்ரியா பேனாவைக் கீழே வைத்தாள்.

“என்னாண்ணா, நீங்க அவரோட டிரைவரு. நீங்களே வந்து போட்டுக் குடுக்கறீங்க?”

“நடந்ததத்தாம்மா சொல்றேன்.”

அப்பாதுரை ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பட்டுக்கடையில் பதினாறு வருஷமாக வண்டி ஓட்டுகிறார். மேனேஜர் வேணுகோபாலைத் தறிக்காரர் வீடு வீடாக ஏற்றி இறக்கியே அவருக்கு இடுப்பு போய்விட்டது.

இடுப்பு வலியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மனைவி ஜெயம்மாளுக்கு வாரா வாரம் ஆஸ்பத்திரியில் ஊசி. சம்பளத்தில் இரண்டாயிரம் கூட்டிக் கொடுங்கள் என்று எட்டு மாதத்துக்கு முன்னால் மேனேஜரிடம் கேட்டார்.

“முதலாளி ஒத்துக்கமாட்டாருப்பா.”

அவ்வளவுதான். அந்த மனுஷன் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். அதை அப்பாதுரை இன்னும் மறக்கவில்லை.

“போன வருஷம் மச்சான் கல்யாணத்துக்குக் கடை வேனை எடுத்தான்னு நம்ம வேன் டிரைவர் கமலை அன்னிக்கே வேலைய விட்டு அனுப்பினாரு முதலாளி. டிரைவருக்கு ஒரு நியாயம், மேனேஜருக்கு ஒரு நியாயமா?”

“அவருக்கு அப்படி இல்லண்ணா. சம்பளத்தோட காரும் குடுத்திருக்காங்க. சொந்த வேலைக்கும் எடுக்கலாம். டேக்ஸ்தான் கட்டணும்.”

“அது எப்படி?”

“மாசம் பூரா கடை வேலைக்கே ஓடினா ஒண்ணும் இல்ல. சொந்த வேலைக்கும் ஓடிச்சின்னா, காருக்கும் உங்களுக்கும் சேர்த்து ஒரு தொகைய அவர் சம்பளம் மாதிரியே கணக்குல ஏத்திடுவோம். அதுக்கு டேக்ஸ் பிடிப்போம். கைக்கு வர்றது கொறையும்.”

“காருக்குப் பதிலா காசா வாங்கியிருந்தா?”

“கார் அலவன்ஸா? அது மொத்தமும் சம்பளத்துல சேர்ந்துடும். இன்னும் ஜாஸ்தி பிடிப்பாங்க. அதான் சார் அலவன்ஸ் வேணாம், காரே இருக்கட்டும்னு சொல்லிட்டாரு.”

“பாத்தியா! பத்து ரூபா விடமாட்டான். சரி, இந்த மாசத்துலேருந்து பிடிச்சிடுவ இல்ல?”

அப்பாதுரையின் முகத்தில் வெகு நாளைக்கு அப்புறம் ஒரு தெளிவு.

“இந்த மாசத்துலேருந்தா? எட்டு மாசமா பிடிச்சிக்கினுதாண்ணா இருக்கோம். மாசம் ரெண்டாயிரத்துச் சொச்சம்.”

“எட்டு மாசமாவா?” அப்பாதுரைக்குப் புரியவில்லை. “ஏனாத்தூருக்கு ஒரே ஒரு தடவதானம்மா போனாரு. அதுக்கு முன்னால சொந்த வேலைக்கு வண்டியத் தொட்டதே இல்லியே.”

“டேக்ஸ்தான் எப்படியும் போவுதே, ஒரு நாளாவது போவோம்னு போயிருப்பாரு பாவம்.” சத்யப்ரியா அலமாரியிலிருந்து ஒரு தாள்கட்டை எடுத்தாள். மாதத்துக்கு ஒன்றாக, வண்டி போய்வந்த இடங்களை எழுதும் தாள்கள். அப்பாதுரை எழுதி மேனேஜரிடம் கொடுப்பார். மேனேஜர் கையெழுத்துப் போட்டுக் கணக்குக்கு அனுப்புவார். அதற்கப்புறம் அவை என்ன ஆகின்றன என்று அப்பாதுரை பார்த்ததில்லை.

“நீங்க செவ்வாக்கெழம மட்டும் எழுதாம காலியா விட்டுடறீங்கண்ணா. மீட்டர்ல ஓடின கிலோமீட்டரும் தாள்ல இருக்கறதும் ஒத்துப்போகாது. சார்தான் நெரப்பி அனுப்பறாரு.”



செவ்வாய்க்கிழமைகளில் மேனேஜர் நாள் முழுக்க முதலாளியோடு உள்ளே உட்கார்ந்திருப்பார். எட்டு மாதமாக, டீசல் போட்டு வருகிறேன் என்று வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டு அப்பாதுரை வண்டியை எடுப்பார். நேரே வீட்டுக்குப் போய் ஜெயம்மாளைப் பின் சீட்டில் படுக்க வைத்து ஆஸ்பத்திரிக்கு ஓட்டுவார். மத்தியானத்துக்குள் திரும்பிவிடுவார். தாளில் எழுதாவிட்டால் எவனுக்குத் தெரியும்?

“இங்க பாருங்க.” சத்யப்ரியா தாள் தாளாகப் புரட்டினாள். எல்லாவற்றிலும் மேனேஜரின் பச்சை மை. “‘நோயாளியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்றது. என் சொந்த உபயோகம். வேணுகோபால்.’ ஒரு செவ்வா விடல.”

அப்பாதுரை அந்தப் பச்சை எழுத்தின் மேல் விரலை வைத்தார்.

“நானே உங்களக் கேக்கணும்னு இருந்தேன்,” என்றாள் சத்யப்ரியா. “சார் கல்யாணமே பண்ணிக்காத ஒத்தை ஆளாச்சே. அவர் வீட்டுல யாருண்ணா நோயாளி?”