கைக்குழந்தைக்கு ஒரு பை

அந்தத் தம்பதி உள்ளே நுழைந்ததுமே பைக்கடைக்காரருக்கு ஏதோ இடித்தது. தர்பூசணி வாங்கிவிட்டு அதைப் போட்டுக்கொள்ளப் பை கிடைக்காதவன் போலக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தான் அந்த ஆள்.

“கைக்குழந்தையோட வெளிய போக ஒரு பை வேணும்” என்றாள் கூட வந்தவள்.

“எத்தனை மாசம்மா குழந்தைக்கு?”

“அஞ்சு” என்றாள் அவள். “ஏழு” என்றான் அவன், அதே மூச்சில்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“ஆறுன்னு வச்சுக்கோங்க” என்று அவள் சிரித்து மழுப்பினாள்.

கடைக்காரர் மூன்று பெண்களைத் தோளில் போட்டு வளர்த்தவர். குழந்தையின் சட்டை முன்பின்னாக மாட்டியிருந்தது அவர் கண்ணில் உடனே பட்டது. ஒரு பையை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“இதைப் பாருங்க. வாய் அகலம். ஒரு கையில குழந்தை இருந்தாலும் இன்னொரு கையால திறந்துடலாம். பால் பாட்டிலுக்கு இந்தப் பக்கம் இடம், சூடு ஆறாது. ஈரத்துணிக்கு உள்ள தனி அறை. நாத்தம் வெளிய வராது.”

அவன் காதில் எதுவும் ஏறியதாகத் தெரியவில்லை. குழந்தையை அவளிடம் தள்ளிவிட்டு, பையைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைத் தட்டிப் பார்த்தான். உள்துணியை விரலால் துழாவினான்.

“இதுக்கு அடியில ஏதாவது வச்சுத் தைச்சா வெளிய தெரியுமா?”

“பால் பாட்டிலை யாரு தம்பி அடியில வச்சுத் தைப்பாங்க?”

“சும்மா கேட்டேன்.”

குழந்தை அழ ஆரம்பித்தது. அவள் அதன் முதுகில் தட்டினாள், பூட்டிய கதவைத் தட்டுவது போல. அழுகை கூடியது.

“பேரு என்னம்மா?”

“பாப்பா.”

“பாப்பாதான். பேரு?”

“வீட்ல பாப்பான்னுதான் கூப்பிடுவோம்” என்றாள், கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு.

கடைக்காரருக்குப் புரிந்துவிட்டது. பிள்ளை பிடிக்கிறவர்கள். வேறு யாராக இருக்க முடியும்? பெற்றவள் எந்தத் தெருவில் அடித்துக்கொண்டு அழுகிறாளோ.

அவர் கை போன் வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. இத்தனை வருஷத்தில் போலீஸ் ஸ்டேஷன் வாசலை அவர் மிதித்ததில்லை. பக்கத்துக் கடையில் பூட்டை உடைத்தபோது சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். காய்ச்சல் என்று இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டார். காக்கிச் சட்டை இருக்கிற திசைக்கே ஒரு கும்பிடு என்பது அவர் கொள்கை.

குழந்தை விக்கிக்கொண்டே அவரைப் பார்த்தது. கொள்கை போன இடம் தெரியவில்லை.

“பாப்பாவை இப்படிக் குடும்மா. நீங்க நிதானமாப் பாருங்க.”

தோளில் சாய்த்ததும் அழுகை நின்றது. ஒரு குட்டிக் கை அவர் காலரைப் பிடித்துக்கொண்டது. கடைக்காரர் மெல்லத் திரும்பி நின்று போனை எடுத்தார்.

“ஹலோ, குடோனுங்களா? பைக்கடையிலேர்ந்து பேசறேன்.”

“இது போலீஸ் ஸ்டேஷன்யா.”

“தெரியும், தெரியும். இங்க ஒரு ஜோடி வந்திருக்காங்க. கையில இருக்கிற குழந்தை அவங்க சரக்கு மாதிரி தெரியல. உடனே ஆள் அனுப்புங்க.”

அப்புறம் நேரத்தை இழுக்க வேண்டியிருந்தது. தட்டில் இருந்ததையெல்லாம் இறக்கினார்.

“வெள்ளை வேண்டாம், ஒரே நாள்ல பால் கறை. இது பார்க்க அழகு, ஆனா காலியா இருக்கும்போதே கனம். நிறைஞ்சா தோள்பட்டை போயிடும். இது முதுகுல மாட்டறது, ரெண்டு கையும் சும்மா இருக்கும். ஆனா சாவி வேணும்னா பையைக் கழட்டணும். அதனால சாவிக்கு முன்னாடி ஒரு சின்ன அறை இருக்கான்னு பாருங்க.”

சந்தேகத்தை மறந்து சொல்லிக்கொண்டே போனார். வாங்குகிறவர் யாராக இருந்தாலும், தோள் வலிக்கிற பையைத் தலையில் கட்ட அவருக்கு மனசு வராது.

“வேற ஸ்டாக் உள்ள இல்லையா?” என்றாள் அவள்.

“எல்லாம் இங்கயேதாம்மா.”

அவன் வாசல் பக்கம் போனான். கடைக்காரர் குழந்தையோடு ஓடி வழியை மறித்தார். “அதுக்குள்ள என்ன அவசரம்? இன்னும் நீல கலர் காட்டலையே.”

நல்லவேளையாக ஜீப் வந்து நின்றது. சப்-இன்ஸ்பெக்டரும் இரண்டு போலீஸ்காரர்களும் இறங்கினார்கள்.

“இவங்கதான் சார்” என்றார் கடைக்காரர். “பிள்ளை திருடறவங்க. பேரு கூடத் தெரியல.”

சப்-இன்ஸ்பெக்டர் அந்தப் பெண்ணைப் பார்த்தார். விறைப்பாக நின்று ஒரு சல்யூட் அடித்தார்.

“மேடம், நீங்களா?”

“நான்தான். குழந்தை என் தங்கச்சியோடது, சாயங்காலம் வரைக்கும் இரவல்” என்றாள் அந்தப் பெண், மாற்றுடையில் வந்திருந்த இன்ஸ்பெக்டர். “பேரை மறந்ததுக்கு அவ என்னைக் கொல்லப் போறா. ஏட்டு, உள்ளே போய்ப் பாருங்க.”

இவ்வளவு நேரம் கணவனாக இருந்த ஏட்டு, திரையை விலக்கிக்கொண்டு பின்னறைக்குப் போனார். நாலைந்து பைகளோடு வந்தார். அடித்துணியைக் கிழித்ததும், ஊரில் திருடுபோன சங்கிலியும் வளையலும் கைக்கடிகாரமும் மேசைமேல் கொட்டின.

கடைக்காரரால் ஓடவும் முடியவில்லை. தோளில் குழந்தை தூங்கிவிட்டிருந்தது.

“எழுப்பிடாதீங்க” என்றாள் இன்ஸ்பெக்டர், தாழ்ந்த குரலில். “ஸ்டேஷன் வரைக்கும் நீங்களே தூக்கிட்டு வாங்க.”

அந்தக் கடைக்குள் சோதனை போட ஒரு சாக்குக் கிடைக்காமல் மாதக்கணக்கில் தவித்துக்கொண்டிருந்த போலீஸை, முதலாளியே போன் போட்டு உள்ளே கூப்பிட்டிருந்தார்.