ஆறா, ஆறரையா?

கனடாவிலிருந்து வந்திருந்த ஜனா, வெள்ளவத்தை பிளாட்டின் குசினி வாசலில் நின்று கூட்டாளியோடு போனில் கதைத்துக்கொண்டிருந்தான். துப்பாக்கிச் சுடும் போட்டிக்கு ஆறு மில்லிமீட்டர் குண்டா, ஆறரையா என்பதுதான் பிரச்சினை.

“ஆறரையே எடு. ஆயிரம் மீட்டரிலயும் காத்துக்கு அவ்வளவா இழுபடாது,” என்று முடித்தான்.

வடை பொரித்துக்கொண்டிருந்த தவமலர் சின்னம்மா நிமிர்ந்தாள். “அவ்வளவு தூரத்தில வெடிச்சத்தம் கேட்குமே?”

“கேட்கும். ஆனா குண்டு பட்ட பிறகுதான்.”

“அங்க தூரத்தில ஷெல் குத்தி ஏவுற சத்தம் முதல்லயே கேட்குமே. உடன விழுந்து படுத்திடுவம்.”

“அது ஷெல், சின்னம்மா. இது சத்தத்தை விட வேகம். ஆறெண்டாலும் ஆறரையெண்டாலும் படுக்க நேரம் தராது.”

அவள் அடுப்பை நிறுத்தினாள்.

வன்னியில் அவள் மகன் சூடுபட்டு விழுந்தபோது, அவன் கையைப் பிடித்திருந்தவர் அவள் புருஷன், ஜனாவின் சித்தப்பா. “சத்தம் எனக்கே கேட்டது. நீங்கள் ஏன் பிள்ளையை இழுத்து விழுத்தேல்லை?” என்று கேட்டவள், அன்றோடு அவரோடு கதைப்பதை விட்டுவிட்டாள். சத்தம் பிறகுதான் வந்தது என்று அவர் எத்தனையோ தரம் சொல்லியும் நம்பவில்லை.

“தாங்கோ, சித்தப்பாவுக்கு நான் வைக்கிறன்,” என்றான் ஜனா. அந்த வீட்டில் அவருக்குச் சாப்பாடு வைப்பது எப்போதும் மற்றவர்களின் வேலை.

“விடு. நானே வைக்கிறன்.”

முன்னறையில் இலையைப் போட்டு, சோற்றையும் வடையையும் வைத்தாள்.

“இஞ்சருங்கோ, சாப்பிடுங்கோ.”

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்காகக் காலையில் போட்ட மாலை, அவர் படத்தில் இன்னும் வாடவில்லை.